மணி அடிக்காத படகு

அம்மணி,

நீ ஏறிய ரயில் இந்நேரம் ஆந்திராவுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். உன் அப்பா காலையிலிருந்து ரயில்வே கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருதரம் பட்டறைக்குள் வந்து, இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று எனக்குச் செய்தி வாசித்துவிட்டுப் போகிறார். ரயில் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதி என் மேல் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை மத்தியானத்துக்குள் தீர்த்துவிடு, அதற்கு மேல் தாங்காது. வெல்லக் கச்சாயம் பத்து நாள் கெடாது, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. இதைச் சொல்லக் கடிதம் தேவையில்லை என்று நீ நினைப்பாய். உண்மைதான். சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. நாலு வருடமாகச் சொல்லாததை ரயில் கிளம்பும் ஐந்து நிமிடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறையிலேயே நீளமான வாய் என்னுடையதுதான் என்று உன் அப்பா சொல்வார். நேற்று ஸ்டேஷனில் அது எங்கே போனதோ தெரியவில்லை.

நேர்முகத் தேர்வு முடிந்து வந்த அன்று நீ சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாயே, அதுதான் என்னைக் குடைகிறது. கடலே பார்க்காத கோயமுத்தூர்ப் பெண் படகு எப்படி மிதக்கிறது என்று அளக்கும் வேலைக்கு எதற்கு வருகிறாள் என்று கேட்டார்களாம். நீ அணைக்கட்டில் நடந்த கதையைச் சொன்னாயாம். "கடைசியா ஒருதடவ பாக்காம வுட்டுட்டேன், அதான் என்ற மொதத் தப்புன்னு சொன்னேன்ம்மா. அவங்களுக்கு அது புடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோசை கருகியது. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கை ஓடவில்லை என்று நீ கேலி செய்தாய். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோசை கருகியது அதனால் இல்லை. அந்தத் தப்பு உன்னுடையது அல்ல. என்னுடையது. அதை நீ உன் தலையில் போட்டுக்கொண்டு இத்தனை தூரம் போய்விட்டாய் என்று தெரிந்தும் நான் கருகிய தோசையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறாள் என்று சலித்துக்கொள்ளாமல் படி. கணபதிப் பகுதியில் நம் பட்டறை ஆரம்பித்தபோது உன் அப்பாவின் ஒரு லேத்து மிஷின்தான் இருந்தது. நான் வந்து பெஞ்சு போட்டு உட்கார்ந்த பிறகுதான் மிதவை சுவிட்சு செய்ய ஆரம்பித்தோம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில், வருகிற அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் வீட்டுக்காரர்களுக்கு உயிரே போய்விடும். அவர்களுக்காகத்தான் நம் சரக்கு. உள்ளே ஒரு மெல்லிய கண்ணாடிக் குப்பி, அதற்குள் இரண்டு தகடு, தலைமுடி அளவு இடைவெளி. காந்தம் பக்கத்தில் வந்தால் தகடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், விலகினால் விட்டுவிடும். தண்ணீர் ஏற ஏற, வளையக் காந்தம் வைத்த மிதவை மேலே வரும், குப்பியைத் தாண்டும், மணி அடிக்கும். இதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குப்பியை உடைக்காமல் அதன் கம்பிக் கால்களை மடக்கி, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன என்னை மோட்டார் கடைக்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டு வந்தார்கள் என்றால் அந்தக் கைக்காகத்தான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நீ காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கும்போது மலையடிவாரத்து அணையில் இருந்து படகுத்துறை மேனேஜர் வந்தார். அவருக்கு வேண்டியது படகுத்துறைக் கக்கூஸ் தொட்டிக்கு ஒரு மிதவை. வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மோர் கொடுத்தேன், உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் ஆறு பேர் ஏற வேண்டிய படகில் பத்துப் பேர் ஏறுகிறதாம். "சொன்னாக் கேக்க மாட்டீங்கறாங்க. நாம தடுத்தா சண்டைக்கு வாராங்க. படகே மணியடிச்சுச் சொல்லிப்போட்டா மறுபேச்சு இருக்காதில்லீங்க?" என்றார். பெஞ்சின் மேலிருந்த மிதவையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது படகுக்கு வருங்களா?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தண்ணின்னாத் தண்ணிதானுங்க. தொட்டிக்கு வாரது படகுக்கு ஏன் வராது?" என்றேன். நீ கதவுப்பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்டாய். உன் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் தகரத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் படகு செய்து வாங்கினாய். மிதவைகளைச் சோதிக்கும் நம் சிமெண்ட் தொட்டியில் அதை விட்டு, காய்கறித் தராசின் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினாய். நடுவில் வைத்தால் படகு சமமாக அமிழ்ந்தது. அதே கற்களை இடது ஓரத்துக்குத் தள்ளினாய். முன்முனையின் நடுவில் நீ கீறி வைத்திருந்த கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை, ஆனால் இடது விளிம்பு தண்ணீருக்குச் சமமாக வந்து நின்றது. "பாத்தியாம்மா? நடுவுல அளந்தா எத்தன பாரம்னுதான் தெரியும். எப்பிடி மெதக்குதுன்னு தெரியாது. முன்ன, பின்ன, எடது, வலது, நாலு எடத்துல குழாய் வைக்கோணும்" என்றாய். நான் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மனுசங்க என்ன படிக்கல்லா, எல்லாம் ஒரே பக்கம் போயி உக்கார?" என்றேன். உனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே அது அவ்வளவு நல்ல பதிலாகத் தோன்றவில்லை. இருபது வருடம் தொட்டிகளோடு கிடந்தவளுக்குத் தண்ணீர் என்றால் ஒரே மட்டம். தொட்டி அசையாது. ஒரு மூலையில் அளந்தால் நாலு மூலையும் அளந்த மாதிரிதான். படகு தொட்டி இல்லை என்பதை என் கண்முன் நீ செய்து காட்டியும் அது எனக்குள் இறங்கவில்லை.

இருந்தாலும் நீ கேட்டபடி நாலு குழாய் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டடி பி.வி.சி. குழாய், அடிமூடியில் தண்ணீர் நுழைய ஒரு ஓட்டை, உள்ளே மிதவை, காந்தம், குப்பி. நாலில் எந்தக் குழாயில் தண்ணீர் கோட்டைத் தாண்டினாலும், ஒயரால் இணைத்த ஒரு பெட்டியில் இருக்கும் மணி அடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அணைக்குக் கொண்டுபோய், மாரப்பண்ணன் படகில் கட்டினோம். மாரப்பண்ணன் அங்கே பல வருடமாகப் படகு ஓட்டுகிறவர். குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாரம் ஏறுனா நானே கண்ணுல பாத்துக்குவனுங்க. ஒரு பக்கம் சாஞ்சாத்தானுங்க எனக்குப் பயம்" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மலையைப் பார்த்தேன். தண்ணீருக்குள் போனதும் மணி அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. காற்றுக்கு அலை வந்தால் அடித்தது, மாரப்பண்ணன் துடுப்பை மாற்றிப் போட்டால் அடித்தது, அவர் தும்மியதற்கும் அடித்தது. கரையில் நின்றவர்கள் ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். உனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஓட்டை பெரிதாக இருப்பதால் ஒவ்வொரு அலையும் குழாய்க்குள் வந்து மிதவையைத் தூக்குகிறது, ஓட்டையை நன்றாகச் சின்னதாக்கினால் சின்ன ஆட்டத்துக்குத் தண்ணீர் உள்ளே வருவதற்குள் படகு நிமிர்ந்துவிடும், நிஜமாகச் சாய்ந்து நின்றால் மட்டும்தான் ஏறும் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு விளக்கினாய். நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். ஐஸ் வண்டி என்று சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. உனக்கு அந்த வாரம் முழுக்கப் பரீட்சை. "ஓட்டைய மட்டும் சின்னதா மாத்தி வெச்சிரும்மா, நாலு மூடிதான்" என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டுப் போனாய். திங்கள் போனது, செவ்வாய் போனது. ஒட்டிய மூடியை அறுத்து எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வருடம் படிக்கிற பெண் சொல்லி நான் என் சரக்கை அறுப்பதா என்று ஒரு வீம்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம், பெஞ்சில் வேலை செய்யும் பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், பெட்டியைத் திறந்தேன். அதிகம் அடித்தது இடதும் வலதும்தான். அந்த இரண்டு குழாய்களிலிருந்து வந்த ஒயர்களைக் கழற்றி, முனைகளில் டேப் சுற்றி, பலகைக்கு அடியில் மடக்கிச் செருகினேன். முன்னும் பின்னும் மட்டும் போதும், தொட்டிக்கு ஒன்றே போதும் என்றால் படகுக்கு இரண்டு தாராளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியை முடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதம், நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் நீ பரீட்சை எழுதிய களைப்போடு வந்தாய். வழியெல்லாம், "மூடி மாத்திட்டியாம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் பாத்துட்டேன்" என்றேன். அதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய். அதற்கு முன்னால் உனக்குப் பல பொய் சொல்லியிருக்கிறேன், ஊசி வலிக்காது, பாகற்காய் கசக்காது என்று. அவை வேறு. நீ பெட்டியைத் திறந்து பார்க்கப் போனாய், "நேரமாச்சு, ஏத்து" என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

படகுத்துறையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களுமாக ஏழெட்டுப் பேரை மேனேஜர் ஏறச் சொன்னார். நல்லவேளை, கரையோரம், இடுப்பளவு தண்ணீர். நீ கரையில் நின்று பெட்டியை நீளமான ஒயரோடு பிடித்திருந்தாய். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏழாவது ஆள் ஏறியதும் மணி அடித்தது. ஒருவரை இறக்கியதும் நின்றது. மேனேஜர் கைதட்டினார். கூட வந்திருந்த உன் அப்பா என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். காற்றுக்கு ஆடியபோதும் மணி அடிக்கவில்லை, நீ ஆச்சரியத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஓட்டையைச் சின்னதாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாய் போல. அந்த நேரத்தில் அக்கரையில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு யானை குட்டியோடு தண்ணீருக்கு இறங்கியது. "ஆனை! அங்க பாரு, ஆனை!" என்று யாரோ கத்த, படகில் இருந்த அத்தனை பேரும் எழுந்து இடது பக்கத்துக்குப் போனார்கள். மனிதர்கள் என்ன படிக்கல்லா என்று நான் கேட்டேனே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. படகு சாய்ந்தது. மணி அடிக்கவில்லை. இடது விளிம்பு தண்ணீருக்குள் போகும்வரை அடிக்கவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று மாரப்பண்ணன் கத்திக்கொண்டே வலது பக்கம் பாய்ந்தும் பயனில்லை. எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு நனைந்து, அழக்கூட மறந்து நின்றாள். அந்த முகம் எனக்கு இப்போதும் மறக்கவில்லை. நடு அணையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். நினைத்த நாளெல்லாம் சோறு இறங்கியதில்லை.

மேனேஜர் உன்னிடம்தான் வந்தார். "ஏனுங்க, மணி அடிக்கவே இல்லீங்களே?" என்றார். நீ பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாய். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாய், பிறகு மூடியை மூடினாய். "என்ற கணக்குத் தப்புங்க சார். அம்மா செஞ்சதுல ஒண்ணும் கொறையில்லீங்க" என்றாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் கால் ஈர மண்ணில் நின்றது, வாய் திறக்கவில்லை. ஒயர் பலகைக்கு அடியில் இருக்கிறது, நீ பார்க்கவில்லை என்று நினைத்து, கடவுளே, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மேனேஜர் அதற்குப் பிறகும் தொட்டிகளுக்கு நம்மிடம்தான் மிதவை வாங்குகிறார். படகுக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி வந்தாய். அந்த வாரம் ரேடியோ கரகரக்கிறது, சரி செய்கிறேன் என்று சால்டரிங் அயனை உன் அறைக்கு எடுத்துப் போனாய். ரேடியோ அதற்குப் பிறகும் கரகரவென்றுதான் பாடியது, நானும் கேட்கவில்லை. அப்புறம் பெட்டியும் குழாய்களும் சாக்குப்பையில் பரணுக்குப் போயின. நீ பட்டறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாய். கப்பல் கட்டுவதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எடுத்து வந்து படித்தாய். மேற்படிப்புக்கு அதையே எடுத்தாய். மாமா வீட்டிலும் சித்தி வீட்டிலும் பெண்ணுக்கு எதற்குக் கப்பல் என்று கேட்டபோதெல்லாம் நான் உனக்காகச் சண்டை போட்டேன். அம்மா எவ்வளவு பக்கபலம் என்று நீ தோழிகளிடம் சொன்னாய். பக்கபலம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. நான் உன் கணக்கைக் கெடுத்ததால்தான் நீ அந்தக் கணக்கைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறாய் என்று எனக்குள் ஒரு முள். போன இடத்தில் நீ சந்தோஷமாக இருந்ததால் முள் அவ்வளவாகக் குத்தவில்லை, அவ்வளவுதான்.

இனி நீ என் மாதிரி ஆட்களோடுதான் வேலை செய்யப் போகிறாய் அம்மணி, அதனால் சொல்கிறேன். கை நன்றாக ஓடுகிறவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர்களோடு வாதம் செய்து நேரத்தை வீணாக்காதே, வேலையை நீயே ஒருதரம் திறந்து பார். "நேரமாச்சு" என்று யார் அவசரப்படுத்தினாலும், அது அம்மாவாக இருந்தாலும், திறந்து பார்த்துவிட்டே ஏற்று. தண்ணீருக்குப் பக்கத்தில் தினம் நிற்கிறவர் எவராவது உனக்கு இதுதான் பயம் என்று சொன்னால், அதை எழுதி வைத்துக்கொள். உன் கணக்குத் தப்பென்று யார் முன்னாலும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாதே. உன் கணக்கு சரி. அன்றைக்கும் சரி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்றே இதோடு முடித்து, உறைக்குள் வைத்து ஒட்டியிருப்பேன். அப்புறம் தோன்றியது, வெறும் கடிதமாக அனுப்பாமல் அந்தப் பெட்டியையும் பார்சல் கட்டி அனுப்பலாம், கழற்றிய ஒயரை நீயே கண்ணால் பார்க்கட்டும் என்று. இன்று காலை ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். தூசியைத் தட்டி, மூடியைக் கழற்றினேன். உள்ளே பேட்டரி செல் நாலும் பொங்கிப் பச்சை பூத்திருந்தன. பலகைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். ஒயர் இல்லை. டேப்பும் இல்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். இடதும் வலதும் அதனதன் இடத்தில் இருந்தன. சால்டர் வைத்து ஒட்டியிருந்தது. என் கை வைத்த சால்டர் பளபளவென்று ஒரே சொட்டாக நிற்கும். இது ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டையாக, கன்னங்கறேலென்று. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ரேடியோ ஏன் சரியாகவில்லை என்று நாலு வருடம் கழித்து இன்றைக்குத்தான் புரிந்தது.

குழாய்களைத் திருப்பிப் பார்த்தேன். நாலு அடிமூடியும் புதுசு. சுண்டுவிரல் நுழைந்த ஓட்டை இப்போது சீமாத்து ஈர்க்குச்சி நுழையும் அளவு. இவ்வளவு நேராக ஓட்டை போட உனக்கு வராது. லேத்துப் பக்கம் போய், "ஏனுங்க, இந்த ஓட்டை யாருங்க போட்டது?" என்று உன் அப்பாவைக் கேட்டேன். மனுஷன் மிஷினைக்கூட நிறுத்தவில்லை. "நாந்தான் போட்டுக் குடுத்தேன். எத்தன வருசமாச்சு, இப்ப வந்து கேக்கற?" என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "புள்ள சொல்ல வேண்டாம்னுச்சு. அம்மா தானா சொல்லட்டும், நாம கேட்டாச் சங்கடப்படும்னுச்சு. நீயும் சொல்லல, நானும் வுட்டுட்டேன்" என்றார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் ரகசியம் என்று நினைத்து நாலு வருடம் சுமந்திருக்கிறேன். லேத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. உன் அப்பா அப்போதுதான் மிஷினை நிறுத்தினார்.

அன்றைக்குக் குனிந்து நின்றாயே, அப்போதே பார்த்துவிட்டாய். நனைந்து நின்ற அத்தனை பேர் முன்னால், என்னிடம் சரக்கு வாங்குகிற மேனேஜர் முன்னால், அம்மாவின் பெயர் போகக் கூடாது என்று மூடியை மூடினாய். நேர்முகத் தேர்வில் நீ சொன்னதும் பொய்யில்லை. கடைசியாக ஒருமுறை பார்க்காமல் விட்டது நிஜமாகவே நீதான், நான் அவசரப்படுத்தியதை மட்டும் சொல்லாமல் விட்டாய். சமையல் மேடையில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துச் சொன்னாய், நான் சொல்வேனா என்று காத்திருந்தாய். நான் தோசை சுரண்டினேன்.

பெட்டியை உனக்கு அனுப்பப் போவதில்லை. புதுச் செல் போட்டேன். பெரிய அண்டாவைச் சிமெண்ட் தொட்டியில் மிதக்கவிட்டு, நாலு குழாயையும் நாலு பக்கம் கட்டினேன். கையால் தண்ணீரைக் கலக்கி அலை எழுப்பினேன். மணி அடிக்கவில்லை. அண்டாவை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், அடிக்கவில்லை. பிறகு இடது விளிம்பை அழுத்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அடித்தது பார், பட்டறையே அதிர்ந்தது. தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து உன் அப்பா ஓடி வந்து, ஓடாத மோட்டாரின் சுவிட்சை அணைத்தார். வலது பக்கத்தையும் அழுத்தினேன், அதுவும் அடித்தது. பெஞ்சுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் அணைக்குப் போகிறோம். மாரப்பண்ணன் படகில் இதைக் கட்டுவதற்கு முன்னால் மேனேஜரையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டு வைத்து, "எம்பொண்ணு கணக்குத் தப்பில்லீங்க, ஒயரைக் கழட்டுனது நானுங்க" என்று சொல்லப் போகிறேன். குழந்தையைத் தூக்கிப் பிடித்த அந்தப் பெண் அங்கே இருந்தால் அவளிடம் தனியாகவும் சொல்வேன். அதற்கு மேல் அவர்கள் இதை வைத்துக்கொண்டாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி.

உனக்கு என் கோரிக்கை ஒன்றுதான். நீ போயிருக்கிற இடத்தில் யாருக்காகவும் மூடியை மூடாதே. எனக்காகவும் மூடாதே. அடுத்த தடவை நான் எதையாவது கழற்றினால், எத்தனை பேர் நின்றாலும் சரி, "அம்மா, இதக் கழட்டுனது நீதானே?" என்று அந்த இடத்திலேயே கேள். நான் கத்துவேன். என்னைத் தெரியாதா உனக்கு, நிச்சயம் கத்துவேன். கத்திவிட்டுப் போகிறேன் அம்மணி, நீ கேள்.

உன் அம்மா